ஊசி முனையிலே ஓர் உரிமை!

ஆண்டுக்கொரு முறை தோளிலே குத்தப்படும் சின்னஞ்சிறு ஊசி! அதைப் பற்றி அரசியல் ஏடு எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது, தோழர்களே! அந்த ஊசி முனையிலே பாட்டாளியின் உரிமை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க நாட்டுக் கதையைக் கேளுங்கள், விளங்கும்!

ஃபுளூ காய்ச்சலைத் தரும் கிருமி, ஓயாமல் நிறம் மாறும் பச்சோந்தி. சென்ற ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. ஆகவேதான் எந்தெந்த வகைக் கிருமிக்கு ஊசி தயாரிப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கிறது. ஊசி போட்டுக்கொண்டாலும் உடலிலே எதிர்ப்பு வளர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். காய்ச்சல் வந்தபின் ஓடுவதிலே பயனில்லை. வருமுன் காக்க வேண்டும்.

காக்கலாம், காசு யார் தருவது? அங்கேதான் அரசியல் பிறக்கிறது!

2010 மார்ச் 23 அன்று, குடியரசுத் தலைவர் ஒபாமா ஒரு சட்டத்திலே கையொப்பமிட்டார். அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைத்து, அரசு ஏற்றுக்கொண்ட ஊசிகளைக் காப்பீட்டுக் கம்பெனிகள் தம் செலவிலேயே தரவேண்டும். ஊசி போட்டுக்கொள்பவரிடம் ஒரு காசும் கேட்கக்கூடாது என்றது அந்தச் சட்டம். ஆறு மாதக் குழந்தை முதல் அனைவருக்கும் ஃபுளூ ஊசி தேவை என்று அதே ஆண்டிலே அந்தக் குழுவும் கூறிற்று. தொழிலாளி மருந்துக்கடைக்குப் போனான், அட்டையைக் காட்டினான், சட்டைக் கையை மடக்கினான். அவ்வளவுதான்!

இலவசம் என்று ஏளனம் பேசுவோர் உண்டு. யார் கொடுத்த இலவசம்? மாதந்தோறும் அவனது கூலியிலிருந்து பிரீமியம் பிடிக்கிறார்களே, அது யாருடைய வியர்வை? தன் பணத்தின் ஒரு துளியைத்தான் அவன் ஊசியாகத் திரும்பப் பெறுகிறான்.

இந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. கம்பெனியின் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனால் பில் வரும். 2010-க்கு முன்பிருந்தே மாறாமல் நீடிக்கும் பழைய காப்பீடுகளுக்கு விலக்கு. காப்பீடே இல்லாதவர்களோ, 2023 கணக்குப்படி ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் பேர்! உலகத்தின் செல்வச் சீமையிலே இந்த அவலம்!

இந்த அரைகுறை உரிமையையும் விட்டுவைத்தார்களா? 2017 ஜூலை 28 அதிகாலையிலே, ஒபாமா சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ஒழிக்க முயன்ற மசோதா செனட் சபையிலே 49-க்கு 51 என்ற கணக்கில் தோற்றது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த மெக்கெய்ன் உள்ளிட்ட மூவர் எதிர்த்து வாக்களித்ததால் சட்டம் பிழைத்தது. நூலிழையிலே பிழைத்தது!

அடுத்து 2025 ஜூன். சட்டத்தைத் தொடவில்லை, சட்டம் எந்தக் குழுவை நம்பி நின்றதோ, அந்த ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஒருசேர நீக்கினார். வீட்டை இடிக்காமல் தூணை உருவும் வித்தை! மக்கள் கலங்கினர். செப்டம்பரிலே காப்பீட்டுக் கம்பெனிகளின் சங்கம் முன்வந்து, அதுவரை பரிந்துரைக்கப்பட்ட ஊசிகளுக்கு 2026 இறுதிவரை கட்டணமின்றிச் செலவேற்போம் என்று அறிவித்தது.

நல்ல அறிவிப்புதான். ஆனால், தோழர்களே, நேற்றுவரை உரிமையாக இருந்தது, கம்பெனி தரும் தவணை வைத்த வாக்குறுதியைப் பார்த்து நிற்கும் நிலைக்கு வந்துவிட்டதே! உரிமையைக் கேட்டு வாங்கலாம். கருணையைக் காத்திருந்துதான் பெறவேண்டும்.

நமக்கு இதிலே என்ன பாடம்? 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. அறுவை சிகிச்சை என்றால் தாலியை அடகுவைத்த குடும்பங்களுக்கு அது கைகொடுத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. பெருமைப்படுகிறோம். ஆயினும் காப்பீடு என்பது பெரும்பாலும் படுக்கையில் விழுந்தவனுக்கே கைகொடுக்கிறது; விழாமல் தடுக்கும் ஊசிக்கு மூட்டைத் தூக்கும் தோழன் தன் பையைத்தான் தடவவேண்டியிருக்கிறது. நாள்கூலிக்காரன் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும் அல்லவா?

முதியோருக்கும், கருவுற்ற தாய்மாருக்கும், மூச்சுநோய் உள்ளோருக்கும் இந்த ஊசி முதலிலே கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்போம். சட்டமாகக் கேட்போம். கிடைத்தபின்னும் கண்ணயராது காவல் நிற்போம்! பெற்ற உரிமையைக் காக்காதவன் அதை இழப்பான் என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளியே சாட்சி.