கணக்கு அவங்க கையில, கணக்குப்பிள்ளை வேலை நம்ம தலையில

முதல்லயே தெளிவா சொல்லிடறேன். வருமான வரி கட்டறதுக்கு நான் எதிரி இல்ல. சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கம்பெனி பிடிச்சு கட்டிடுது, அதனால எதிர்த்தாலும் ஒண்ணும் கிழிக்க முடியாதுங்கறது வேற விஷயம் :-). ரோடு போடணும், ரயில் ஓடணும், அரசு ஆஸ்பத்திரியில மருந்து இருக்கணும். காசு வேணும், எடுத்துக்கட்டும். என் சண்டை வரியோட இல்ல. கட்டின வரியக் கட்டிட்டேன்னு வருஷா வருஷம் நானே உக்காந்து நிரூபிக்கணும்னு சொல்றாங்களே, அதோடதான்.

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஈ.பி. ஆளு நம்ம வீட்டுக்கு வர்றாரு. மீட்டரைப் பாக்கறாரு, ரீடிங் எடுக்கறாரு, போயிடறாரு. முதல் 100 யூனிட் இலவசத்தைக் கழிச்சு, ஸ்லாபு பிரிச்சு, இவ்வளவு கட்டுன்னு பில் வருது. கட்டறோம். தப்பா இருந்தா ஆபீசுக்குப் போய் சண்டை போடறோம். இதையே இப்படி யோசிச்சுப் பாருங்க. ரீடிங் அவங்ககிட்ட இருக்கு, ஆனா சொல்ல மாட்டாங்க. நீயே மீட்டரைப் பாத்து, நீயே ஸ்லாபு போட்டு, நீயே பில் எழுதிக் கொண்டா. அதை நாங்க வச்சிருக்கற ரீடிங்கோட ஒத்துப் பாப்போம். உதைச்சா கடுதாசி வரும், லேட்டானா அபராதம் வரும். நம்ம ஊர்ல ஈ.பி. ஆபீஸ் வாசல்ல மறியலே நடந்துரும். வருமான வரியில இதைத்தான் பல வருஷமா அமைதியா பண்ணிட்டு இருக்கோம்.

"அவங்களுக்கு எப்படிங்க நம்ம கணக்கு தெரியும்?"னு கேக்கறவங்களுக்காக. 2021 நவம்பர்ல ஏஐஎஸ்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. சம்பளம், எஃப்டி வட்டி, சேவிங்ஸ் வட்டி, டிவிடெண்டு, வித்த ஷேரு, மியூச்சுவல் ஃபண்டு, வாங்கின நிலம், எல்லாம் பான் நம்பர் வாரியா அதுல வந்து உக்காந்திருக்கும். எனக்கு வந்த 37 ரூபா டிவிடெண்டு கூட இருக்கு. இதுக்கு முன்னாடியே 26ஏஎஸ் இருந்துச்சு, யாரு எவ்வளவு டிடிஎஸ் பிடிச்சாங்கன்னு அதுல இருக்கும். ஃபார்ம் 16-ல இருக்கற விவரத்தையும் கம்பெனி அனுப்பிடுது. எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. பொட்டி தட்டிப் பொழைக்கறவனா சொல்றேன், சிஸ்டத்துல ஏற்கனவே இருக்கற டேட்டாவ யூசரைத் திரும்ப டைப் அடிக்கச் சொல்லி, அடிச்சது மேட்ச் ஆகலைன்னா யூசருக்கே ஃபைன் போடற மாதிரி ஒரு டிசைனை நான் கொண்டுபோனா, என் மேனேஜர் அன்னிக்கே என்னை ரிலீவ் பண்ணி அனுப்பிடுவாரு.

"இப்பதான் எல்லாம் முன்னாடியே நிரப்பி வருதே"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். வருது. ஆனா அதுல தப்பு இருந்தா பொறுப்பு யாரோடது? நிரப்பினவனோடது இல்ல, கையெழுத்து போட்டவனோடது. அதனால ஒவ்வொரு கட்டத்தையும் நாமதான் சரிபாக்கணும். அது மட்டுமா? 2025-ல வந்த ஃபார்ம்ல பழைய முறையில கழிவு கேட்டா எல்ஐசி பாலிசி நம்பர் குடு, இன்சூரன்ஸ் கம்பெனி பேரு குடுன்னு புதுசா கட்டம் சேத்தாங்க. ஜனவரியில கம்பெனிக்கு ப்ரூஃப்னு கட்டு கட்டா குடுத்தது என்ன ஆச்சு? ஒரே சீட்டை எத்தனை பேருகிட்ட எத்தனை தடவை காட்டறது?

இந்த வேலையெல்லாம் யாரு தலையில விடியுதுன்னு பாருங்க. கோடீஸ்வரனுக்கு ஆடிட்டர் இருக்காரு, அவரு பாத்துப்பாரு. நடுத்தர வீட்ல கம்ப்யூட்டர் படிச்ச பையன் மாட்டுவான். எங்க வீட்ல மூணு பேரு, மூணு பான், மூணு பாஸ்வேர்டு, ஓடிபி மட்டும் யாரு ஃபோனுக்கு வருதோ அந்த ஃபோன் எப்பவும் சார்ஜ் இல்லாம இருக்கும். அப்பா ரிட்டயர்டு ஹைஸ்கூல் வாத்தியார், பென்ஷன். அம்மாவுக்கு எஃப்டி வட்டி மட்டும். நான் சம்பளக்காரன். இந்த மூணுல எது சுலபம்னு நினைக்கிறீங்க? என்னோடதுதான். உண்மையிலேயே வரி கட்டறவன் வேலை ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. ஒத்தப் பைசா வரி இல்லாத அம்மாவோடது மூணு வாரம் இழுத்துச்சு.

அந்தக் கதையச் சொல்றேன். அம்மாவுக்கு 2024-25-ல வட்டி 64,000 ரூபா. வேற வருமானமே கிடையாது. பழைய முறையில 60 வயசு தாண்டினவங்களுக்கு 3 லட்சம் வரைக்கும் வரியே இல்ல, புது முறையிலயும் அந்த வருஷம் 3 லட்சம்தான். அவங்க வருமானம் அதுல கால்வாசி கூட வராது. ஆனா சீனியர் சிட்டிசன் வட்டி 50,000-ஐத் தாண்டினா பேங்க் 10 சதவீதம் பிடிக்கணும்ங்கறது அப்போ இருந்த விதி. பிடிக்காம இருக்க 15எச் குடுக்கணும். வருஷா வருஷம் குடுக்கணும், ஒவ்வொரு பேங்குக்கும் தனித்தனியா குடுக்கணும். ஏப்ரல் மாசமே அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் வரிசையில நின்னு குடுத்துட்டு வந்தாரு. பேங்க்ல வாங்கி ஃபைல்ல வச்சாங்க, சிஸ்டத்துல ஏத்தலை. மார்ச் முடியறப்போ 6,400 ரூபா போயிடுச்சு. போய்க் கேட்டா, "ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கோங்க"ன்னு ஒரே வரி. தப்பு அவங்களோடது, பணம் அம்மாவோடது, வேலை என்னோடது.

2025 ஏப்ரல்ல இருந்து இந்த வரம்பை ஒரு லட்சமா ஏத்திட்டாங்க. நல்ல காரியம், மறுக்கலை. ஆனா வட்டி 1,10,000 வர்ற வேற ஒரு அம்மாவுக்கு இதே கதைதானே? வரம்பு நகர்ந்துச்சு, வழி மாறலை.

ரிட்டர்ன் போட்டாச்சு. பணம் திரும்ப வரணும்னா பேங்க் அக்கவுண்டை வேலிடேட் பண்ணணும். அங்கதான் இருக்கு நம்மூரு ஸ்பெஷல் கூத்து. பான்ல இருக்கற பேரும் பேங்க்ல இருக்கற பேரும் ஒத்துப்போகணுமாம். தமிழ்நாட்டுக்காரனுக்கு ஏதுங்க சர்நேம்? நமக்கு இனிஷியல்தான். பான் விண்ணப்பத்துல கடைசிப் பேர்ங்கற கட்டத்தைக் காலியா விட முடியாது, அங்க இனிஷியலும் போடக் கூடாது. அதனால அப்பா பேரை முழுசா விரிச்சு எழுதணும். பொம்பளைங்களுக்கு இன்னும் சிக்கல். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், பின்னாடி வீட்டுக்காரர் இனிஷியல். பான்ல தாத்தா பேரு நீளமா இருக்கு, பாஸ்புக்ல அப்பாவோட ஒத்தை எழுத்து நிக்குது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அது ரெண்டு பொம்பளைங்க. 64,000 ரூபா வட்டி வந்தது இவங்களுக்குத்தான்னு தெரியுது, வரி பிடிச்சது இவங்ககிட்டதான்னு தெரியுது. திருப்பிக் குடுக்கற நேரத்துல மட்டும் "நீ யாரு?"ன்னு கேள்வி. வாங்கறப்போ ஒத்துப்போன பேரு குடுக்கறப்போ ஏன் ஒத்துப்போகலை?

பேங்குக்கு நாலு தடவை அலைஞ்சு, பேரை மாத்தி, செப்டம்பர்ல பணம் வந்துச்சு. 192 ரூபா வட்டியோட. சந்தோஷப்படறதுக்குள்ள இன்னொண்ணு. அந்த 192 ரூபாயும் வருமானமாம், அடுத்த வருஷக் கணக்குல காட்டணுமாம்!

வட்டின்னு வந்ததால இதையும் பேசிடுவோம். நாம வரி பாக்கி வச்சு ரிட்டர்னும் தாமதமா போட்டா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி. அவங்க நம்ம பணத்தை வச்சுட்டு திருப்பிக் குடுக்கறப்போ 244ஏ-ன்னு ஒரு பிரிவுல மாசத்துக்கு அரை சதவீதம். அதுவும் ரீஃபண்டு தொகை நம்ம மொத்த வரியில 10 சதவீதத்துக்குக் கம்மியா இருந்தா அந்த அரையும் கிடையாது. மளிகைக் கடை அண்ணாச்சி இப்படி ரெண்டு தராசு வச்சிருந்தா நாம என்ன சொல்லுவோம்? அதையே சட்டப் புத்தகத்துல அச்சடிச்சா மட்டும் நியாயமாயிடுமா?

தேதி விஷயத்துலயும் இதே ரெண்டு தராசு. 2025-ல கடைசித் தேதி ஜூலை 31-னு இருந்துச்சு. ஆனா ஷேரு, ஃபண்டு வித்தவங்க போடற ஐடிஆர்-2-க்கான எக்செல் ஃபைலே ஜூலை 11-தான் வந்துச்சு. ஏப்ரல் 1-ல ஆரம்பிக்க வேண்டிய வேலை, மூணு மாசத்துக்கு மேல லேட்டு. தேதியை செப்டம்பர் 15-க்குத் தள்ளினாங்க. அன்னிக்கு ராத்திரி இன்னும் ஒரு நாள் சேத்து 16 ஆக்கினாங்க. அவங்க லேட்டானா அதுக்குப் பேரு நீட்டிப்பு. நாம ஒரு நாள் லேட்டானா 5,000 ரூபா, வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000 ரூபா.

என் தொழில் சம்பந்தப்பட்டதால இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 2024 ஜூலை 5-ம் தேதி ரிட்டர்ன் போடற மென்பொருள்ல ஒரு மாத்தம் பண்ணாங்க. புது முறையில அப்போ 7 லட்சத்துக்குள்ள வருமானம் இருந்தவங்களுக்கு 87ஏ-ன்னு ஒரு தள்ளுபடி இருந்துச்சு. ஷேரு வித்த குறுகிய கால லாபத்துக்கான வரிக்கும் அது கிடைச்சுட்டு இருந்துச்சு. அந்தத் தேதிக்கு அப்புறம் மென்பொருள் குடுக்க மாட்டேன்னுடுச்சு. சட்டத்துல ஒரு வார்த்தை மாறலை. அதே வருமானம், அதே சட்டம், 4-ம் தேதி போட்டவனுக்கு உண்டு, 6-ம் தேதி போட்டவனுக்கு இல்ல. பம்பாய் ஹைகோர்ட்டுக்குக் கேசு போச்சு. கோர்ட்டு உத்தரவால 2025 ஜனவரி 15 வரைக்கும் கதவைத் திரும்பத் திறக்க வேண்டியதாச்சு. அதுக்கப்புறம் 2025 பட்ஜெட்லதான் அடுத்த வருஷத்துக்குன்னு சட்டத்தையே திருத்தினாங்க. அதாவது முதல்ல கோடு மாறுச்சு, பின்னாடி சட்டம் வந்துச்சு. பார்லிமெண்டு பண்ண வேண்டிய வேலைய ஒரு இஃப் கண்டிஷன் பண்ணக் கூடாதுங்க. இதைப் பாத்த அன்னிக்கு எனக்கு எங்க தொழில் மேலயே பயம் வந்துச்சு.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"ஆயிரம் ரூபா குடுத்தா ஆடிட்டர் முடிச்சுக் குடுத்துடுவாரு, இதுக்கு ஏன் இவ்வளவு புலம்பல்?" 6,400 ரூபா தன்னோட பணத்தைத் திரும்ப வாங்க ஆயிரம் ரூபா செலவு பண்ணணும்னா, அதுவும் ஒரு வரிதான். ரசீது இல்லாத வரி.

"இப்படி இறுக்கிப் பிடிக்கலைன்னா எல்லாரும் ஏமாத்துவாங்க." ஏமாத்தறவன் இருக்கான், ஒத்துக்கறேன். ஆனா சம்பளக்காரனும் பென்ஷன்காரரும் எங்க ஒளிக்க முடியும்? எங்க கணக்குதான் ஊருக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுதே. வலை போட்டா சுறாவுக்குப் போடுங்க. நெத்திலி ஏற்கனவே கூடையிலதான் இருக்கு.

"நம்ம நாட்டு ஜனத்தொகைக்கு வேற வழி இல்ல." இருக்கு. இங்கிலாந்துல 1944-ல இருந்தே சம்பளத்துல சரியாப் பிடிச்சுக்கறாங்க, பெரும்பாலான சம்பளக்காரங்க ரிட்டர்னே போடறதில்ல. ஸ்வீடன்ல அவங்களே கணக்கை நிரப்பி அனுப்பறாங்க, சரின்னா ஃபோன்லயே ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. அவ்வளவு தூரம் ஏன் போகணும்? 2021 பட்ஜெட்ல நம்ம அரசே 194பி-ன்னு ஒரு பிரிவு கொண்டுவந்துச்சு. 75 வயசு தாண்டினவங்க, பென்ஷனும் அதே பேங்க் வட்டியும் மட்டும் இருந்தா, பேங்கே கணக்குப் போட்டு வரியப் பிடிச்சுக்கும், ரிட்டர்ன் வேண்டாம். அப்போ முடியும்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆனா கதவை எவ்வளவு குறுகலா வச்சாங்க பாருங்க. பென்ஷன் ஒரு பேங்க்லயும் எஃப்டி இன்னொண்ணுலயும் இருந்தா அதுல நுழைய முடியாது. எங்கப்பாவுக்கு 66 வயசு, இன்னும் 9 வருஷம் காத்திருக்கணும்.

2025-ல புது வருமான வரிச் சட்டம் நிறைவேத்தினாங்க, 2026 ஏப்ரல் 1 முதல் அமல்னு. முந்தின வருஷம், மதிப்பீட்டு வருஷம்னு ரெண்டு வருஷத்தை வச்சு எல்லாரையும் குழப்பினதைத் தூக்கிட்டு வரி வருஷம்னு ஒண்ணே ஒண்ணு ஆக்கினாங்க. பாராட்டறேன். ஆனா வார்த்தையச் சுருக்கினா போதாது, வேலையச் சுருக்கணும்.

நான் கேக்கறது பெரிய புரட்சி இல்ல. நாலே விஷயம். ஒண்ணு, சம்பளம், பென்ஷன், வட்டி மட்டும் இருக்கற வீட்டுக்கு நீங்களே கணக்குப் போட்டு அனுப்புங்க, சரின்னா ஒரு ஓடிபி, தப்புன்னா நாங்க சொல்றோம். ரெண்டு, வருமானம் வரம்புக்குக் கீழன்னு உங்களுக்கே தெரியறப்போ, பிடிச்ச டிடிஎஸ்ஸை எந்த பேங்க்ல இருந்து வந்துச்சோ அதே அக்கவுண்டுக்கு ரிட்டர்ன் கேக்காம திருப்பி அனுப்புங்க. மூணு, வாங்கற வட்டியும் குடுக்கற வட்டியும் ஒண்ணா இருக்கட்டும். நாலு, ஃபார்ம் தயாராகாத வருஷத்துல தேதிய நீட்டிச்சு எங்களுக்குப் பிச்சை போடற மாதிரி பேசாதீங்க, ஏப்ரல் 1-ல தயாரா வைங்க.

பிசினஸ் பண்றவங்க, நாலு இடத்துல வீடு வச்சிருக்கறவங்க, வெளிநாட்டுல சொத்து இருக்கறவங்க தாராளமா முழுக்கணக்கு குடுக்கட்டும். அவங்களுக்குத்தான் அந்த ஃபார்ம் எல்லாம். வீட்டு ரேடியோ பக்கத்துல பாஸ்புக்கை வச்சுட்டு, "தம்பி, நோட்டீஸ் எதுவும் வராதுல்ல?"னு மூணாவது தடவை கேக்கற ரிட்டயர்டு வாத்தியாருக்கு இல்ல. வாழ்க்கையில ஒத்தைப் பைசா ஏமாத்தாத மனுஷனை வருஷத்துல ரெண்டு மாசம் குற்றவாளி மாதிரி முழிக்க வைக்கறதுக்குப் பேரு வரி நிர்வாகம் இல்ல.

மீட்டர் உங்ககிட்ட, ரீடிங்கும் உங்ககிட்ட. பில்லைப் போட்டு அனுப்புங்க சாமி, கட்டிட்டுப் போறோம்.