ரங்கூனுக்கு அனுப்பும் பிபி மெஷின் சரியாகக் காட்டுகிறதா?



யாங்கூனில் (நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு அது இன்னும் ரங்கூன்தான்) இருக்கும் சொந்தங்களுக்கு வயர்லெஸ் பிபி மெஷின் வாங்கி அனுப்புவது நம்மில் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. காரணம் தெரிந்ததுதான். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டே நாளில் அரசு மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதன் விலையை நோயாளிகளும் சேர்ந்தே கொடுக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். தனியார் கிளினிக்குக்குக் காசு வேண்டும். அதனால் வீட்டு மேசையில் ஒரு மெஷின். அது காட்டும் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுறாங்க, குறைக்கிறாங்க.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும் நர்ஸ், அடைபட்ட ரத்தம் மறுபடி ஓடும் சத்தத்தைக் கேட்கிறார். வீட்டு மெஷின் எதையும் கேட்பதில்லை. கையில் சுற்றிய பட்டையில் உண்டாகும் சின்ன அதிர்வுகளைப் பிடித்து, மேல் பிரஷரையும் கீழ் பிரஷரையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி, வியாபார ரகசியம். ப்ளூடூத் எண்ணைப் போனுக்குக் கடத்தும், அவ்வளவுதான். தப்பான எண்ணையும் அப்படியே கடத்தும்.

சோதிக்க வழி இல்லாமல் இல்லை. ஐஎஸ்ஓ 81060-2 தரத்தின்படி குறைந்தது 85 பேருக்கு, ஸ்டெதஸ்கோப் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆனால் விற்க அனுமதி கிடைப்பது வேறு, இந்தச் சோதனையில் தேறுவது வேறு. ஆஸ்திரேலியாவில் ஆன்லைனில் விற்ற மெஷின்களை 2020-இல் ஆராய்ந்தபோது, தேறியவை பத்தில் ஒன்றுகூட இல்லை. பணக்கார நாட்டுச் சந்தையின் லட்சணமே இது!

பட்டையின் அளவு இன்னொரு தொல்லை. 2023-இல் வெளிவந்த பால்டிமோர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் பிரஷர் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. 130 இருப்பவர் 150 என்று பயப்படுவார். லண்டனில் இருந்தால் டாக்டர் இன்னொரு தடவை பார்ப்பார். யாங்கூனில் அந்த இரண்டாவது அளவு இல்லாதவருக்குத்தானே நாம் மெஷினே அனுப்புகிறோம்?

அதனால் வாங்குவதற்கு முன் ஸ்ட்ரைட் பிபி பட்டியலில் மாடல் இருக்கிறதா என்று பாருங்க. கை சுற்றளவை அளந்து அனுப்பச் சொல்லுங்க. மணிக்கட்டு மாடல் வேண்டாம். ஆப் இல்லாமல் தானே திரையில் காட்டி, நினைவிலும் வைக்கும், பேட்டரியில் ஓடும் மெஷின் போதும். கரண்ட் அடிக்கடி போகிற ஊர் அது. 2024 நடுவிலிருந்து விபிஎன் இருக்கிறதா என்று தெருவில் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். அங்கே கிராஃபை நமக்கு அனுப்பும் வசதி நம்ம மனநிம்மதிக்குத்தான், அவங்க உடம்புக்கு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மெஷின் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சோதனை பாக்கி. அக்கம்பக்கத்து நர்ஸ் ஒருவரைக் கூப்பிடுங்க. ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு, அதே கையில், மெஷின் ஒரு தடவை, அவர் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். வித்தியாசம் 5-க்குள் என்றால் நல்லது. 10-ஐத் தாண்டினால் அந்த மெஷினை நம்பி மாத்திரையை மாற்றக் கூடாது. வேலையை விட்டு வந்த நர்ஸாக இருந்தால் அவர் பெயரை எந்தச் சாட்டிலும் போடாதீங்க. அவருக்குக் கூலி கொடுங்க. வயர்லெஸ் இல்லாத மாடல் வாங்கினால் மிச்சமாகும் காசு அதற்கு ஆகும்.