வெட்டியது யார்?

தோட்ட அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தால், வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி லயம் லயமாக நடக்கிறோம். அவர் சொல்வதே நமக்குக் கடிதம். இந்த நிலை மாற வேண்டும்.

அமெரிக்க ஆசிரியர்களான ரீட், கெலாக் இருவரும் 1877இல் தங்கள் இலக்கண நூலில் காட்டிய வழி எளிது. படுக்கையாக ஒரு கோடு போடுவோம். அதை வெட்டி ஒரு நிமிர்ந்த கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. வினையை அடுத்து, அடிக்கோட்டோடு நின்றுவிடும் ஒரு சிறு கோடு, அதன்பின் செயப்படுபொருள். தமிழில் வினை கடைசியில் வரும்; ஆங்கிலத்தில் நடுவில் வரும். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

'மேனேஜர் டிடக்டட் வேஜஸ்' என்றால் சம்பளத்தை வெட்டிய துரை இடப்பக்கம் நிற்பார். 'வேஜஸ் வேர் டிடக்டட்' என்றால் அந்த இடத்தில் சம்பளம்தான் நிற்கும், வெட்டியவரைக் காணோம். சம்பளம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளுமா?

ஆகவே தோட்டக் கமிட்டிகள் மாதம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்க வேண்டும். பிள்ளைகளோடு நாமும் கோடு போட்டுப் பழகுவோம். செய்தவர் பெயர் இல்லாத கடிதம் வந்தால், "செய்தது யார்?" என்று எழுத்தில் கேட்போம். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.