ராகம் மருந்துச் சீட்டு அல்ல

“ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தினமும் ஒரு ராகம் போட்டுவிடுங்கள், பேச்சு தானாக வரும். பயிற்சிக்கு ஏன் அலைகிறீர்கள்?” நெய்வேலியில் பெற்றோரிடம் இப்படிச் சொல்பவர்களுக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

9 நாடுகளில் 364 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பிறகும், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால், சமூகத் தொடர்புச் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. 2022-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் ஆய்வு, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசை உதவக்கூடும் என்றது. பேச்சு வரும் என்று அதுவும் உறுதி தரவில்லை.

2017 ஆய்வில் குழந்தைகளுக்கு யாரும் பாட்டுப் போட்டுக் காட்டவில்லை. அது சிகிச்சையாளரும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்கும் முறை. பிள்ளை மேசையில் இரண்டு தட்டு தட்டினால், சிகிச்சையாளர் அதே இரண்டைத் தன் மேளத்தில் தட்டிவிட்டுக் காத்திருப்பார். செல்போன் காத்திருக்காது. ஒலி தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை ராகம் கேட்க உட்காரவைப்பது கொடுமை.

சிறப்புக் குழந்தைகளுக்கென்றே ஸ்நேகா பள்ளி இருக்கும் ஊர் நெய்வேலி. இங்கே இசையும் வேண்டும், பேச்சுப் பயிற்சியும் வேண்டும். சுரங்க ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இரண்டும் எட்ட வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அதைக் காட்டிக் கேட்கப் பெற்றோருக்குத் துணை நில்லுங்கள். ராகத்தின் பேரைச் சொல்லி அவர்களைப் பயிற்சியிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள்.