மூளைக் காய்ச்சலும் அம்மன் கோபமும்

கிராமத்துக் குழந்தை ஒன்றுக்குத் திடீரெனக் கடுஞ்சுரம் கண்டு, தலைவலியும் வாந்தியும் உண்டாகி, பிறகு வலிப்பும் ஜன்னியும் வந்து பிதற்றுமானால், இன்றும் பல இடங்களில் பெற்றோர் முதலில் தேடுவது டாக்டரையல்ல, மந்திரவாதியையே யாகும். "பேய் அடித்துவிட்டது" என்பார் ஒருவர். "அம்மன் கோபம்" என்பார் மற்றொருவர். வேப்பிலை அடித்து விபூதி பூசி முடிவதற்குள் காலம் கடந்துவிடுகின்றது.

இந்தப் பேய் யாது என்பதைச் சற்று ஆராய்வோம். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் எனப்படும் இந்நோய் ஒரு வைரஸால் உண்டாவது. 1924-ல் ஜப்பானில் 6,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. 1935-ல் அங்கேயே அவ்வைரஸ் பிரித்தறியப்பட்டது. கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் உடலில் அது பெருகுகின்றது. நெல்வயலில் தேங்கிய நீரில் பிறக்கும் க்யூலெக்ஸ் கொசு அவற்றின் இரத்தத்தைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் மனிதனையும் கடிக்கின்றது. தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகின்றது. ஆனால் மூளை வீங்கியவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுபோகின்றனர். பிழைத்தவர்களிலும் பலர் கைகால் முடங்கியோ, புத்தி மழுங்கியோ வாழ்நாளைக் கழிக்கின்றனர். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்கும் ஊசி உண்டு.

அவ்வூசி போட்ட குழந்தையிடம் மட்டும் அம்மன் கோபம் தணிந்துவிடுவானேன் என்று பூசாரிகளைக் கேட்கின்றோம். ஊசிக்கு அஞ்சும் கோபம் தெய்வத்தின் கோபமாகுமா?

நிற்க, குற்றம் பூசாரியோடு முடிந்துவிடவில்லை. இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதல் கண்டறியப்பட்டது 1955-ல் நமது வேலூரிலேயாகும். ஜப்பானும் தைவானும் 1960-களிலேயே தங்கள் குழந்தைகளுக்குப் பெருவாரியாக ஊசி போட்டு நோயை அடக்கின. நம் நாட்டிலோ, 2005-ல் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள், மாண்ட பிறகே, 2006-ல் சீனாவில் செய்த மருந்தைக் கொண்டு பெருவாரியாக ஊசி போடத் தொடங்கினார்கள். நோயை அறிந்து ஐம்பத்தோராண்டு! மாண்டவை மாடி வீட்டுக் குழந்தைகளாயிருந்தால் இவ்வளவு காலம் பொறுத்திருப்பார்களா?

அன்றியும், நோய் வந்தவுடன் பன்றி வளர்க்கும் ஏழை மக்களைப் பழிப்பதும் ஒரு வழக்கமாயிருக்கின்றது. பன்றியைக் குடியிருப்புக்குத் தூரத்தில் அடைப்பது நல்லதே. அதற்கு இடமும் உதவியும் கொடுக்கட்டும். ஆனால் அதே வைரஸைச் சுமக்கும் கொக்கை யாரும் பழிப்பதில்லை. கொசு விளையும் வயல் யாருடையது என்றும் யாரும் கேட்பதில்லை. கொசுவுக்குச் சாதி தெரியாது. அது கடிக்கும் இடத்தில் வலையின்றிப் படுத்திருப்பவன் யார் என்பதைத்தான் நமது சமூக அமைப்பு தீர்மானித்து வைத்திருக்கின்றது.

ஆகவே தாய்மார்களுக்கு நாம் சொல்வது இதுதான். இந்நோய் வழங்கும் ஜில்லாக்களில் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு முறையும், ஒன்றரை வயதை ஒட்டி மறுமுறையும் சர்க்கார் இலவசமாகப் போடும் ஊசியைத் தவறவிடாதீர்கள். இரவில் கொசுவலை கட்டுங்கள். சுரத்தோடு வலிப்பு வந்தால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மந்திரவாதிக்குக் கொடுக்கும் காசு வண்டிக் கூலிக்கு ஆகட்டும்.