தெளிப்பானும் சுண்ணாம்புச் சுவரும்

தென்னேரி போன்ற ஏரிக்கரை ஊர்களில், பொங்கலுக்கு முன் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து வெள்ளையடிப்பது நெடுநாள் வழக்கம். இன்று கைக்கு அடக்கமான ஸ்பிரே கன்னும் வந்துவிட்டது. அதை எதிர்ப்பது என் நோக்கமன்று. ஜன்னல் கம்பி, இரும்புக் கதவு, பிரம்பு நாற்காலி ஆகியவற்றின் இடுக்குகளில் பிரஷ் திணறும். தெளிப்பான் எளிதில் புகும்.

பழைய சுண்ணாம்புச் சுவரின் இயல்போ வேறு. சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும்; ஆயினும் சுவரின் ஈரம் ஆவியாக வெளியேற வழிவிடும். அதன்மீது எனாமல் பெயின்டைத் தெளித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். நாளடைவில் பெயின்ட் செதில் செதிலாக உரியும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரின் தன்மை அறியாத அவசரமே காரணம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என்னும் விதி 2016இல்தான் வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூள் குழந்தைகளுக்குக் கேடு; நனைத்தே தேய்க்க வேண்டும். தெளிக்கும்போது முகக்கவசமும் திறந்த ஜன்னலும் தேவை.

இக்கருவி நமக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. அந்த நேரத்தை விரிசல் அடைக்கவும் பழம்பூச்சைச் சுரண்டவும் செலவிடாவிட்டால், நாம் பெறுவது சில மாதப் பளபளப்பு மட்டுமே என்பது என் கருத்து.