எரிமலை குற்றவாளியா?

ஓசோன் படலம் மெலிந்ததற்கு மனிதன் பொறுப்பல்லன், எரிமலைகளே பொறுப்பு என வாதிடுவோர் உளர். எரிமலைப் புகையில் குளோரின் இருப்பதை அவர்கள் சான்று காட்டுவர். சான்று மெய், முடிபுதான் பிழை. அஃது எங்ஙனம் என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினதூபோ மலையைக் கொண்டு காண்போம்.

1991 ஜூன் 15 அன்று அம்மலை பெருமுழக்கத்தோடு வெடித்தது. அதே நாளில் யூன்யா என்னும் சூறாவளியும் அவ்வழியே வந்தது. மழையில் ஊறிக் கனத்த சாம்பல் வீட்டுக் கூரைகளை அழுத்தி இடித்தது. உயிரிழந்தோருள் பலர் அவ்வாறு மடிந்தவரே. எரிமலையின் குளோரின் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகவே வெளிவரும். அது நீரில் எளிதில் கரைவது. ஆகவே அதன் பெரும்பகுதி நீரோடு கலந்து மண்ணுக்கே திரும்பிவிட்டது.

மேலே தங்கியது வேறொன்று. ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி டன் வரையிலான கந்தக டை ஆக்சைடு, மழை மேகங்களுக்கு எட்டாத உயரத்தில், ஓசோன் உறையும் அடுக்கு மண்டலத்தை அடைந்தது. அங்கே அது கந்தக அமில நுண்திவலைகளாக மாறிச் சில மாதங்களில் உலகையே போர்த்தது. 1992ஆம் ஆண்டில் புவியின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி தணிந்ததும் இப்போர்வையாலேயே.

இத்திவலைகள் தாமே ஓசோனைத் தின்பன அல்ல. அம்மண்டலத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஒருவகைக் காவலர் எனலாம். கட்டின்றித் திரியும் குளோரினைப் பற்றிப் பிணைத்து வைப்பவை அவை. திவலைகளின் ஈரப் பரப்பிலோ அவை நைட்ரிக் அமிலமாகி ஓய்ந்துவிடுகின்றன. காவலர் குறையவே, குளோரின் கட்டவிழ்ந்து ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைத்தது. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் அப்படலம் 1992, 1993ஆம் ஆண்டுகளில் மேலும் மெலிந்தது.

அந்தக் குளோரின் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நம் வீடுகளிலிருந்துதான்! குளிர்பதனப் பெட்டிகளிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் அடைத்து விற்கப்பட்ட குளோரோ புளோரோ கார்பன் மழையில் கரையாதது. பல ஆண்டுகள் சிதையாமல் மெல்ல மேலேறிச் சேர்ந்தது. 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தபோது அவ்வாயு உலகிலேயே இல்லை. தொலைதூர நாடுகளிலும் அந்தி வானம் செக்கச் சிவந்தது. ஆனால் ஓசோனுக்கு இத்தகைய கேடு விளைவிக்க வேண்டிய குளோரின் அன்றைய வானில் இருக்கவில்லை.

1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின் பயனாக அவ்வாயுக்களின் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. எனினும் முன்பு விட்டவை இன்னும் முற்றும் தீர்ந்தபாடில்லை. 2015 ஏப்ரலில் சிலி நாட்டின் கல்புகோ மலை வெடித்தது. பினதூபோவோடு ஒப்பிட்டால் அது சிறியதே. அவ்வாண்டு அக்டோபரில் அண்டார்டிக்காவின் மேலுள்ள ஓசோன் துளை வழக்கத்தினும் மிக விரிந்து கிடந்தது.